அச்சு அசலாக இருக்க வேண்டாம்

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு "படம் வரைகிறேன்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடுத்த பேச்சு ரவிவர்மாதான். ஆட்டோ ஓட்டுபவரும் அதைத்தான் சொல்வார், வங்கியில் பக்கத்து நாற்காலிக்காரரும் அதைத்தான் சொல்வார். கரமனையில் எங்கள் தெரு மாமி ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "புடவை மடிப்பைத் தொட்டுப் பாக்கணும்போல இருக்கணும். அதுதாண்டி படம்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வயதில் பென்சிலைத் திரும்பக் கையில் எடுப்பவர்களுக்கு இந்த ஊரில் முதல் தடை பணமும் இல்லை, நேரமும் இல்லை. கிளிமானூர் ராஜா ரவிவர்மா.

அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. மியூசியம் வளாகத்தில் 1935-ல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தில் எத்தனையோ முறை அவர் படங்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அவற்றுக்கென்றே 2023-ல் அதே வளாகத்தில் தனிக் கட்டடம் வந்தபோதும் போய்ப் பார்த்தேன். என் புகார், அவரைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதையைப் பற்றியது. அந்தக் கதையில் படம் எப்போதோ முடிந்துவிட்டிருக்கும். சட்டம் போட்டு மாட்டியும் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் நடந்தது யாருக்கும் வேண்டாம்.

நடந்தது என்ன? 1862-ல், பதினான்கு வயதுப் பையனாக, மாமா ராஜராஜ வர்மாவோடு ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் அரண்மனைக்கு வந்தார் ரவிவர்மா. அந்த மாமாவுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தவர், சுவாதித் திருநாள் காலத்தில் மதுரையிலிருந்து வந்து அரண்மனை ஓவியராக இருந்த அழகிரி நாயுடு. ஆயில்யம் திருநாள் காலத்து அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு. எண்ணெய் வண்ண வித்தையைப் பையனுக்குச் சொல்லித்தர அவர் மறுத்துவிட்டார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் யாருக்கும் தெரியாமல் வந்து தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் படம் எழுத வந்தார். அவரும் பாடம் நடத்தவில்லை. தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார், அவ்வளவுதான். பார்த்ததைத் தன் அறைக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பது, சரிவராததை மறுபடி போடுவது என்றே அந்த வருடங்கள் கழிந்திருக்கின்றன. 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய பிறகுதான் நம் கதை தொடங்குகிறது. நடுவில் போன பதினோரு வருடம் பேச்சிலேயே வராது.

நான் சொல்ல வருவது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வரைவது யாரோ சிலருக்கு வாய்த்த வரம் என்ற எண்ணத்தை வயது வந்தவர்கள் தூக்கிப் போட வேண்டும். அது தினமும் கொஞ்ச நேரம் செய்கிற காரியம். சுமாராகச் செய்யலாம். கடைசிவரை சுமாராகவே செய்துகொண்டும் இருக்கலாம். எதற்கு என்று யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு எங்கள் தெருவிலேயே சாட்சி இருக்கிறது. "எனக்கு ஒரு கோடு நேரா போட வராது" என்று சொல்லும் அதே மாமி, விடிவதற்குள் வாசல் தெளித்து, இடுக்குப்புள்ளி பதினைந்தில் தொடங்கி எட்டில் நிறுத்தி, குனிந்த முதுகு நிமிராமல் கோலத்தை முடித்துவிட்டு உள்ளே போகிறார். விரலிடுக்கிலிருந்து மாவு விழும் வேகமும் கை திரும்பும் வேகமும் ஒத்துப்போனால்தான் அந்தக் கோடு ஒரே கனத்தில் விழும். ரப்பர் வைத்து அழிக்கும் பேச்சே இல்லை. பத்து மணிக்குள் பள்ளிக்கூட வேன் அதன்மேல் ஏறிப் போய்விடும். "அச்சு அசலா இருக்கா?" என்று யாரும் கேட்பதில்லை. "இதை வச்சுண்டு என்ன பண்ணப்போறே?" என்றும் கேட்பதில்லை. அதே கை காகிதத்தில் எதையாவது போட்டுவிட்டால் மட்டும் இரண்டு கேள்வியும் வந்து நிற்கின்றன. (மார்கழிக் கோலத்துக்கும் இப்போது போட்டி வைத்து, நடுவர் வைத்து, குக்கர் பரிசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தனிப் புலம்பல்.)

நாகர்கோவில் பக்கம் என் தலைமுறையில் படித்தவர்களுக்கு 'டிராயிங் லோயர்' என்றால் தெரியும். தமிழக அரசு நடத்தும் தொழில்நுட்பத் தேர்வு. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் ஒரு தாள், மாடல் டிராயிங் ஒரு தாள். லோயர் முடித்தால் ஹையர். இரண்டும் கையில் இருந்தால் பின்னால் டிராயிங் டீச்சர் வேலைக்கு உதவும் என்ற நம்பிக்கையில்தான் வீட்டில் ஃபீஸ் கட்டினார்கள். நான் லோயரோடு நின்றேன். வேறு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தேன், பென்சில் கணக்கெழுத மட்டும் பயன்பட்டது. இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

ஆனால் மாடல் டிராயிங்கில் எங்கள் மாஸ்டர் சொன்ன ஒன்று மட்டும் எங்கேயோ தங்கியிருந்தது. எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மேஜைமேல் வைத்து வரையச் சொன்னால், பழக்கமில்லாதவர்கள் வாயை முழு வட்டமாகப் போடுவார்கள், அடியை நேர்கோடாக இழுப்பார்கள். வாய் வட்டம் என்பது நமக்குத் தெரியும். டம்ளர் ஆடாமல் நிற்கிறது, ஆகவே அடி தட்டை என்பதும் தெரியும். கண் பார்ப்பதோ வேறு. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வாய் ஒடுங்கிய நீள்வட்டம். அடியும் நீள்வட்டம்தான், அதுவும் வாயைவிட உருட்சி கூடியது, ஏனென்றால் அது கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. டம்ளரைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள், வாய் ஒற்றைக் கோடாகிவிடும். இன்னும் உயரத் தூக்கினால் வளைவு மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். இந்த ஒன்றைக் கண் பிடித்துவிட்டால் வாளி, கிணற்றுச் சுவர், கோயில் உருளி எல்லாமே காகிதத்தில் ஒழுங்காக உட்கார ஆரம்பிக்கும். பத்து, பன்னிரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் வரைவதை நிறுத்திவிடுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தெரிந்ததைப் போட்டால் பார்ப்பதோடு ஒட்டவில்லை என்பது அந்த வயதில்தான் உறைக்கிறது. அந்த நேரத்தில் இந்த டம்ளரைக் காட்டித்தர ஆள் இல்லாவிட்டால் "எனக்கு வராது" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். டிராயிங் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்ளும் பள்ளிக்கூடத்தில் அந்த ஆள் எங்கிருந்து வருவார்?

திரும்பத் தொடங்க என்ன வேண்டும்? விலை கூடிய ஸ்கெட்ச் புத்தகம் வாங்காதீர்கள். தடித்த, பால் வெள்ளைத் தாளைப் பார்த்தாலே கை நடுங்கும், பாழாக்கிவிடுவோமோ என்று. நான் ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளை இரண்டாக வெட்டச் சொல்லி, ஸ்பைரல் போட்டு வாங்கிக்கொள்கிறேன். கைப்பையில் அடங்கும், விரித்தால் தட்டையாகப் படுக்கும், கிழித்தால் மனசு வலிக்காது. எழுதும் பால்பாயின்ட் பேனா போதும். ஒரு 2பி பென்சில் இருக்கட்டும், ரப்பர் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இந்த ஊரில் தாள் ஈரம் குடித்து நமத்துவிடும், ஜெல் பேனா மை பரவும், கையில் ஒட்டும். அந்த மாதங்களில் பால்பாயின்ட்தான் ராஜா.

தினமும் எதை வரைவது என்று கேட்கிறார்கள். ஒரே பொருளைத்தான். எங்கள் வீட்டு அரிவாள்மணையை நான் எத்தனை பக்கம் போட்டிருக்கிறேன் என்று எண்ணவில்லை. பலகை நேர்க்கோடு, அலகு வளைவு, நுனியில் தேங்காய் துருவும் பல். மூன்றும் சேர்ந்து ஒரு கோணத்தில் பிடிபட்டால் அடுத்த நாள் நாற்காலியை நகர்த்திப் போட்டு வேறு கோணம். அமெரிக்காவில் கிமோன் நிக்கோலைடிஸ் என்ற டிராயிங் ஆசிரியர் இருந்தார். அவர் இறந்த பிறகு 1941-ல் வந்த புத்தகம் இன்றும் கலைக் கல்லூரிகளில் புழங்குகிறது. அதில் முதலில் வரும் பயிற்சி, காகிதத்தைப் பார்க்காமல் பொருளின் விளிம்பை மட்டும் கண்ணால் தொட்டுக்கொண்டே மெதுவாகக் கோடு போடுவது. முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் சிரிப்பு வரும், அலகு ஒரு மூலையில், பலகை ஒரு மூலையில். ஆனாலும் அந்தக் கோட்டில் ஒரு கவனம் இருக்கும். காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டதில் அது இருக்காது. நம்பாதவர்கள் இன்றைக்கே தங்கள் இடது கையையே வரையும் பொருளாக வைத்துச் செய்து பார்க்கலாம்.

வீட்டுப் பொருள் அலுத்தால் வெளியே. தம்பானூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. செங்கல்லால் ஆன வட்டக் கோபுரம். உள்ளே தரையே சுற்றிச் சுற்றி மேலேறிக்கொண்டு போகும். வெளிச்சுவரை ஒட்டி மேஜையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கும். சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரத் துவாரங்கள், வெளிச்சமும் காற்றும் அவை வழியாகத்தான். அங்கே உட்கார்ந்து வரையத் தொடங்கினால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும், இந்தக் கட்டடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு மட்டக்கோடுகூடக் கிடையாது என்பது. தரை சாய்கிறது, அதனால் அடுத்த மேஜை அரை அடி உயரத்தில் நிற்கிறது, அதற்கடுத்தது வளைந்து கண்ணிலிருந்து மறைகிறது. நேர்ச்சுவரும் நேர்த்தரையும் உள்ள அறையைப் பாடப்புத்தக விதிப்படி போட்டுவிடலாம். இங்கே விதி செல்லாது. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த மேஜை விளிம்பு இந்தத் துவாரத்துக்கு மேலேயா கீழேயா என்று ஒவ்வொன்றாக அளந்துதான் போக வேண்டும். விசிறித் தலைப்பாகை வைத்த பரிமாறுபவர் சரிவில் தட்டோடு ஏறி வருவார். அவர் மூன்று வளைவில் முடிந்துவிடுவார், தலைப்பாகை மட்டும் சரியாக விழுந்தால் போதும். பீட்ரூட் சிவப்பு வழியும் மசால் தோசை ஆறிப்போவது இந்தத் தொழிலில் சகஜம்.

பேக்கரே விடாமல் வரைந்துகொண்டிருந்த மனிதர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, கடைசிவரை இந்த ஊரின் நாலாஞ்சிறையில் வாழ்ந்து, 2007-ல் இறந்தவர். செலவு குறைத்து வீடு கட்டுவது எப்படி என்று அவர் போட்ட சின்னச் சின்னப் புத்தகங்களைப் பாருங்கள். எழுத்தும் கையெழுத்து, படமும் கைப்படம். எந்தச் சுவர் வீண், எந்த ஜன்னல் வீண் என்பதைக் கொஞ்சம் கிண்டலோடு, ஸ்கேல் வைக்காத கோட்டில் போட்டிருப்பார். ஒரு பக்கம் பயன்படுத்திய காகிதத்தின் மறுபக்கம்தான் அவருக்குப் பெரும்பாலும் வரைதாள். கோடு கோணலாக இருக்கிறது என்று யாரும் அவருடைய வீடுகளில் குடியேறாமல் இருக்கவில்லை.

கோட்டைக்குள் போனால் குதிரை மாளிகை. சுவாதித் திருநாள் கட்டியது, இறவாரத்தைத் தாங்கி நிற்கும் மரக் குதிரைகள் 122. ஜனவரியில் மாளிகை முற்றத்தில் சுவாதி சங்கீத உற்சவம் நடக்கும்போது நான் இரண்டு வேலையும் பார்த்துக்கொள்வேன், காதுக்குக் கீர்த்தனை, கைக்குக் குதிரை. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பாயும் குதிரையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் மார்பு பெரிதாகவும் தலை சிறிதாகவும் தெரியும். அப்படியே போட்டால் குதிரை, நமக்குத் தெரிந்த குதிரையைப் போட்டால் அது கழுதையாகிவிடும். அலுத்துவிட்டால் மிருதங்கக்காரரின் இடது கை இருக்கிறது. எதிரே பத்மதீர்த்தக் கரையில் மேத்தன் மணி. மணியடிக்கும்போது தாடிக்கார முகம் வாயைத் திறக்கும், இரண்டு ஆட்டுக் கிடாய்கள் கன்னத்தில் வந்து முட்டும். அதை ஓடும்போதே வரைய முயல்பவர்களைச் சுற்றி எப்போதும் ஒரு சிறு கூட்டம் சேரும்.

"போன்லயே எடுத்துக்கலாமே, மாமி?" என்று அந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தை கேட்டது. நியாயமான கேள்வி. எடுக்கலாம், நானும் எடுக்கிறேன். ஆனால் எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து பார்த்து வரைவதில்லை. போன் ஏற்கெனவே எல்லாவற்றையும் தட்டையாக்கிக் கொடுத்துவிடுகிறது, டம்ளரின் வாயைக் கண் தேட வேண்டிய வேலையே மிச்சம் இல்லை. யூடியூப் பார்த்து வேறொருவரின் மலையையும் சூரியனையும் காப்பி அடிப்பதும் இதே ரகம். கை ஓடும், கண் தூங்கும். கோட்டை ஏற்கெனவே அச்சடித்து, பெரியவர்கள் மனநிம்மதிக்கு வண்ணம் மட்டும் அடிக்கச் சொல்லி விற்கிறார்களே சில புத்தகங்கள், அவற்றைப் பற்றி நான் மரியாதையாக எதுவும் சொல்ல முடியாது.

உட்கார்ந்த இடத்திலேயே, நேரில் பார்த்து வரைவது என்பதற்குத் தமிழில் பெரிய முன்னோடி இருக்கிறார். நாமக்கல்காரரான பி.எம். சீனிவாசன். 'சில்பி' என்று ஆனந்த விகடனில் அவருக்குப் பெயர் வைத்தவர் ஓவியர் மாலி. 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்லில் உள்ள நகையையெல்லாம் கோட்டில் கொண்டுவந்தார். விகடனின் இன்னொரு கை கோபுலு. முதுமையில் பக்கவாதத்தில் வலது கை போன பிறகு இடது கையைப் பழக்கி மறுபடி வரைந்தார். எத்தனையோ அட்டைப்படம் போட்ட அந்த மனிதர் வேறு கையோடு முதலிலிருந்து கோடு இழுத்துப் பழகியிருக்கிறார் என்றால், நமக்கு என்ன கூச்சம்?

இவர்கள் தொழில்முறை ஓவியர்கள், நமக்கு உதாரணம் ஆவார்களா என்றால், மனோகர் தேவதாஸ் இருக்கிறார். 1936-ல் மதுரையில் பிறந்தவர். பிழைப்பு, பேட்டரி நிறுவனத்தில் ரசாயன வேலை. கோயில், தெப்பக்குளம், யானைமலை என்று மதுரையை மெல்லிய பேனாக் கோடுகளால் வரைந்தது வேலைக்கு வெளியே. விழித்திரை நோயால் அவருடைய பார்வை வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே போனது. சுருங்கச் சுருங்கக் கோடு இன்னும் நுணுக்கமானதுதான் அதிசயம். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022-ல் மறைந்தார். இந்தப் பக்கம் ஜி. அரவிந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா இயக்குநராகத்தான் நமக்குத் தெரியும். அதற்கு முன் ரப்பர் போர்டு ஊழியர். வேலை பார்த்துக்கொண்டே 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வாரப் பதிப்பில் 'செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்' என்ற சித்திரத் தொடரைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் வேலை நேரத்தைத் தின்றுவிட்டது என்று என்னைப் போன்றவர்கள் சொல்லும்போது அவர் பெயரை நினைத்துக்கொள்வது நல்லது.

பெண்களுக்கு இதில் இன்னொரு விஷயம் உண்டு. சாலைக் கடைத்தெருவில் ஒரு பெண் எதுவும் வாங்காமல், யாருக்கும் காத்திருக்காமல், சும்மா நிற்க முடியுமா? ராஜா கேசவதாஸ் திவானாக இருந்தபோது உருவான தெரு அது. இந்தத் தெருவில் கடை வைத்திருந்துகொண்டே ஆ. மாதவன் தமிழுக்குக் 'கடைத்தெருக் கதைகள்' கொடுத்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த ஆணுக்கு நாள் முழுக்கத் தெருவைப் பார்க்க முடிந்தது. எங்களுக்கு அந்த இருக்கை இல்லை. கையில் நோட்டும் பேனாவும் இருந்தால் அது கிடைக்கிறது. வாழைக்குலைக் கடையின் ஓரத்தில், ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தந்து, "இரிக்கு சேச்சி" என்கிறார்கள். நேந்திரனின் கோணல் முனை, ரசகதளியின் உருண்ட விரல், நாகர்கோவில் பக்கத்து மட்டிப்பழத்தின் குட்டை உடம்பு, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூவை முழம் போடும் அக்கா, தான் எப்படி வந்திருக்கிறேன் என்று எட்டிப் பார்த்துவிட்டு, "மூக்கு என்னுது இல்ல" என்று சொல்லிவிட்டுத் தொடுக்கப் போய்விடுவார். மூக்கு நிஜமாகவே அவருடையது இல்லைதான். அதற்காக யாரும் வருத்தப்படவில்லை, அடுத்த வாரம் போனாலும் கூடை கிடைக்கும்.

உறவுக்காரர்கள் இப்படி இல்லை. நீங்கள் வரைகிறீர்கள் என்று தெரிந்த அன்றே பேரனின் போட்டோ வாட்ஸப்பில் வந்து விழும், "பெரிசா போட்டுத் தாங்கோ, ஃப்ரேம் பண்ணிக்கறோம்" என்று. அடுத்தது பிள்ளையார். கிரகப்பிரவேசத்துக்கு ஒன்று, சதாபிஷேகத்துக்கு ஒன்று. மறுத்துவிடுங்கள். ஒரு முறை ஒப்புக்கொண்டால் உங்கள் நோட்டு மூடிவிடும், மறுபடி அச்சு அசல் விவகாரத்துக்குள் போய்ச் சிக்குவீர்கள்.

இன்னொரு கூட்டம் இதை மருந்தாக்கப் பார்க்கிறது. வரைந்தால் ஞாபக மறதி வராது, ரத்த அழுத்தம் இறங்கும் என்று ஃபார்வர்டு வருகிறது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளில், ஒரு சொல்லை எழுதிப் பார்த்தவர்களைவிட அதை வரைந்து பார்த்தவர்களுக்கு அது நன்றாக நினைவில் நின்றது என்று 2016-ல் வெளியிட்டார்கள். நல்ல செய்திதான். அதற்காக வரைதலை நடைப்பயிற்சிக்கும் வெந்தயத் தண்ணீருக்கும் பக்கத்தில் வரிசையில் நிறுத்த வேண்டுமா? 1857-ல், நம் மியூசியம் பொதுமக்களுக்குத் திறந்த அதே வருடம், லண்டனில் ஜான் ரஸ்கின் வரைதலுக்கு ஒரு பாடநூல் வெளியிட்டார். தொழிலாளர் கல்லூரியில் மாலை நேரத்தில் கைத்தொழிலாளர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் சொல்லிக்கொடுத்த ஆள் அவர். அவர்களை ஓவியர்களாக்குவது நோக்கம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. தெருவில் கிடக்கும் உருண்டைக் கல் ஒன்றை எடுத்து வந்து வரையச் சொன்னார். கல்லைப் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

இப்போது ஊருக்கு என் கோரிக்கை. ஓணம் வந்தால் இங்கே எல்லா ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனும் சித்திரப் போட்டி நடத்துகின்றன. பன்னிரண்டு வயதுக்குக் கீழே, பதினைந்து வயதுக்குக் கீழே என்று இரண்டு பிரிவு. அம்மாக்கள் சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மாக்களுக்கும், பின்வரிசையில் பேப்பர் படிக்கும் தாத்தாக்களுக்கும் ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். எதிரே ஒரு வாழைக்குலையைத் தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரம். பரிசு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், சுவரில் ஒட்டவும் வேண்டாம். முடிந்ததும் குலையைப் பிரித்து ஆளுக்கு இரண்டு பழம்.

எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் இதை எழுதியே கொடுத்தேன். நல்ல மனிதர், கவனமாகப் படித்தார். "ஜட்ஜ் யாரு, சேச்சி?" என்று கேட்டார். ஜட்ஜ் கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சீஃப் கெஸ்ட் வந்து என்ன செய்வார்?" என்றார். அவருக்கும் ஒரு தாள் கொடுத்து உட்கார வைத்துவிடலாம் என்று சொன்னேன். கமிட்டியில் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.